ஐந்நூறு குழி, ஒரே குழி

மூன்றடி என்று எழுதியது நீங்கள்தான். குழிக்குள் இறங்காமல், ஜீப்பின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, தொடையில் ஃபைலை வைத்து எழுதினீர்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறினீர்கள். மை என் வரப்பில்தான் விழுந்தது.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. அலுவலகத்தின் பெயரையும் எழுதவில்லை. பயம் இல்லை. பெயரை எழுதினால் பெயரைப் பற்றி வழக்குப் பேசுவீர்கள், ஆழத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டீர்கள். எனக்கு வேண்டியது ஆழம்.

நான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ளவும் இதை எழுதவில்லை. நிலத்தைக் குவாரிக்குக் கொடுத்தவன் நான். கையெழுத்துப் போட்டவன் நான். பணமும் வாங்கினேன், மகளின் நர்சிங் படிப்புக்குப் போயிற்று, அவள் இப்போது வேலையில் இருக்கிறாள். யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். ஆனால் நான் கையெழுத்துப் போட்டது மூன்றடிக்கு.

எங்கள் பக்கத்தில் நிலத்தைக் குழிக் கணக்கில்தான் சொல்வோம். பன்னிரண்டடி மூங்கில் கோலை நாலு பக்கமும் போட்டால் உள்ளே வருகிற இடம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. ஏக்கர், சென்ட் எல்லாம் பத்திரத்தில் இருக்கும். வரப்பில் நின்று பேசினால் குழிதான். எனக்கு இருந்தது ஐந்து மா. ஐந்நூறு குழி, ஒரே துண்டு.

அது மேட்டு வயல். மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரியில் வந்து, கிளை வாய்க்காலில் திரும்பி, என் மடை வரைக்கும் வந்து நிற்கும். மடைக்கு மேலே ஏறாது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது நான் டீசல் இன்ஜினை வைத்து இறைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அடுத்த வயல் ஒரு அக்காவுடையது. ஒரு மா, பள்ள வயல். அவர் மடையில் ஒரு கூடை மண்ணை எடுத்துவிட்டால் போதும், தண்ணீர் தானாக உள்ளே போகும். அவர் மண்ணை எடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து என் இன்ஜினைப் பார்த்துச் சிரிப்பார். "என்ன தம்பி, காவேரிக்கு எண்ணெய் ஊத்துறீங்களா?" என்பார். வருஷா வருஷம் இதே கேலி. அவர் கணவர் இறந்து வெகு நாளாகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசை முடிந்து நேராக வயலுக்கு வந்துவிடுவார், பூசைக்குக் கட்டிய சேலையோடு.

மேட்டு வயல் வைத்திருப்பவனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஆசைதான். மேடு தட்ட வேண்டும். மேடு தட்டுவது என்றால் உயரமான வயலில் மண்ணைச் சீவி எடுத்து, வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே கொண்டு வருவது. எங்கள் ஊரில் அது நல்ல வார்த்தை. ஒருத்தன் மேடு தட்டினான் என்றால் உருப்படுகிறான் என்று அர்த்தம். என் அப்பா கோடையில் கூலி ஆள் வைத்துத் தலைச்சுமையாக அரையடி தட்டினார். அதற்கு மேல் முடியவில்லை.

இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மண் கான்ட்ராக்டர் என்னிடம் வந்தார். குவாரி என்ற சொல் அவர் வாயில் ஒரு முறைகூட வரவில்லை. மேடு தட்டித் தருகிறேன், நீங்கள் ஆள் கூலி கொடுக்க வேண்டாம், நான்தான் உங்களுக்குக் கொடுப்பேன் என்றார். மூன்றடி எடுப்பார்களாம். மேலே இருக்கிற வண்டலைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் மறுபடி பரப்பித் தருவார்களாம். பக்கத்து வயலிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் தோண்டுவார்களாம். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன். அந்தக் காகிதத்தில் சவுடு மண் குவாரி என்று போட்டிருந்ததையும் படித்தேன். மேடு தட்டுவதைத்தான் ஆபீஸ் பாஷையில் அப்படிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிதான் கேட்டாள், தட்டுகிற மண்ணை எங்கே கொண்டு போவார்கள் என்று. எங்கேயோ கொட்டுவார்கள், நமக்கென்ன என்றேன்.

"எங்கேயோ கொட்டுறதுக்கா காசு குடுத்து எடுப்பாங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

உளுந்து எடுத்த கையோடு வேலை ஆரம்பித்தது. பொக்லைன் ஒன்று, டிப்பர் லாரிகள் ஏழெட்டு. திருட்டுத்தனமாக எடுத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டப்பகலில், சாமியானா பந்தல் போட்டு, லாரி நம்பர் எழுத ஒரு ஆளை உட்கார வைத்து எடுத்தார்கள். முதலில் வண்டலைச் சீவி வடக்கு மூலையில் குவித்தார்கள். சொன்னபடி செய்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவனாகிவிடுவேன், அதனால் சொல்கிறேன்.

மூன்றடி ஆனது. பள்ளம் தூர்க்க எடுக்கிற சவுடு மண் அதோடு முடிந்தது. அதன் கீழே மணல் வந்தது.

எங்கள் நிலம் எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் ஆறு ஓடிய இடம்தான். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒரு மணலை என் வயலுக்கு அடியில் நான் எதிர்பார்க்கவில்லை. வெளுப்பாக, ஈரமாக, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிர்கிற மணல். பொக்லைன் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி ஒரு கை அள்ளிப் பார்த்தார். அப்புறம் போன் பேசினார். அரை மணி நேரத்தில் கான்ட்ராக்டர் வந்தார். மணலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் பொக்லைன் மூன்று ஆனது. லாரிகளை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

நான் போய் நிறுத்தச் சொன்னேன். இன்னும் சமன் ஆகவில்லை என்றார்கள். அடுத்த நாள் சொன்னேன். ஓனரிடம் பேசுங்கள் என்றார்கள். நான்தானே ஓனர் என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு. நாலாம் நாள் வடக்கு மூலையைப் பார்த்தால் வண்டல் குவியலைக் காணோம். நிலத்தில் நல்லது எதுவோ அதைக் கடைசியாகப் போட வேண்டும் என்று பிரித்து வைத்தார்கள். எங்கேயோ தென்னந்தோப்புக்கு ஆள் கேட்டதும் அதையும் ஏற்றிவிட்டார்கள். ஊற்று பிடித்துத் தண்ணீர் வந்தது. தண்ணீரை இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். நான் டீசல் ஊற்றி வயலுக்குத் தண்ணீர் ஏற்றிய அதே இடத்தில் அவர்கள் டீசல் ஊற்றித் தண்ணீரை வெளியே தள்ளினார்கள்.

அப்போதுதான் புகார் எழுதினேன். நீங்கள் வந்தீர்கள்.

லாரி இறங்கி ஏறுவதற்காகக் கிழக்கு ஓரத்தில் மூன்றடி ஆழத்தில் ஒரு படி மாதிரி விட்டிருந்தார்கள். உங்களோடு வந்தவர் அந்தப் படியில் டேப்பை விட்டார். மூன்று என்றார். நீங்கள் எழுத ஆரம்பித்தீர்கள். நான் கிட்டே வந்து, சார், நடுவுல பாருங்க சார் என்றேன்.

"நடுவுல தண்ணி நிக்குதுங்களே. தண்ணிக்குள்ள நான் எப்படி அளக்கறது?" என்றீர்கள்.

இதைத்தான் இத்தனை நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். மூன்றடி தட்டிய வயலில் ஆள் மூழ்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தண்ணீர் இருப்பதால் அளக்க முடியவில்லை என்றாவது எழுதியிருக்கலாம். அதுவும் இல்லை. மூன்றடி. கையெழுத்து. சீல். ஜீப் போய்விட்டது.

எங்கள் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மூட்டையைக் குத்தி ஒரு பிடி நெல்லை எடுத்து, மெஷினில் போட்டு, ஈரம் எவ்வளவு என்று புள்ளி வைத்துச் சொல்வார்கள். புள்ளி கூடினால் திருப்பிக் கொட்டிக் காய வைக்கச் சொல்வார்கள். நெல்லுக்குள் இருக்கிற ஈரத்தை அளக்க உங்களிடம் மெஷின் இருக்கிறது. குழிக்குள் இருக்கிற தண்ணீரை அளக்க ஒரு கயிறும் கல்லும் இல்லை.

வேலை முடிந்து பொக்லைனை ஏற்றிப் போகும் அன்று கான்ட்ராக்டர் வந்தார். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கரையில் நின்றார்கள். நான் கத்தினேன். ஐந்நூறு குழி நிலத்தை நாசம் பண்ணிவிட்டாயே என்று ஒருமையில் பேசிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"ஏன் சத்தம் போடுறீங்க? ஐநூறு குழி வச்சிருந்தீங்க, கணக்கு வைக்கவே கஷ்டம். இப்ப ஒரே குழியா ஆக்கிக் குடுத்துருக்கேன்."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்டால், அதையும் சொல்கிறேன். அந்த வருஷம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மூன்று நாள் காத்துக் கிடந்தோம். எனக்கு வேறு இடத்தில் இரண்டு மா குத்தகை இருந்தது, அந்த நெல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது குவாரிப் பேச்சு வந்தது. ஒருத்தர் என்னை எல்லோர் முன்னாலும் திட்டினார், ஊர் நிலத்தடி நீரை விற்றுவிட்டேன் என்று. சரியாகத்தான் திட்டினார். அடுத்த கோடையில் அவர் வயலிலும் பொக்லைன் நின்றது. என்னய்யா இது என்றேன். "இது குவாரி இல்லீங்க, மேடு தட்டுறேன்" என்றார். குவைத்தில் இருக்கிற ஒருத்தர் தன் நிலத்தைக் கொடுத்துவிட்டு, குழியை வீடியோ காலில் பார்த்து, நல்லா குளம் மாதிரி இருக்கே என்றாராம். திருவாரூர் பக்கம் இருக்கும் என் மச்சான் என்னிடமே அந்தக் கான்ட்ராக்டரின் நம்பர் கேட்டார். நெல்லில் என்ன கிடைக்கிறது, மண்ணாவது விலை போகிறதே என்றார். நெல்லில் என்ன கிடைக்கிறது என்று எனக்கும் தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவன் நிலத்தில் தோண்டினால் அது குவாரி, மறியல் செய்வோம். நம் நிலத்தில் தோண்டினால் அது மேடு தட்டுவது. நாங்கள் அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து முடிந்த கதையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். என் நிலம் போனது என் கையெழுத்தால் போனது. ஆனால் குழி நிற்கவில்லை. அது நகர்கிறது.

பக்கத்து வயலிலிருந்து தள்ளித் தோண்ட வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. அக்காவின் வரப்பிலிருந்து நாலடி விட்டிருந்தார்கள். நேர்வெட்டாக, சுவர் மாதிரி. கீழே மணல், மேலே அவருடைய ஈர வயல். முதல் ஐப்பசி மழையில் நாலடியும் சரிந்தது. அடைமழை விட்டபோது வரப்பு இல்லை. நடவு செய்து ஒரு மாதம் ஆன சம்பாப் பயிர், வேரோடு, ஒரு பாய் விரித்த மாதிரி சரிந்து தண்ணீரில் மிதந்தது. பச்சையாகவே மிதந்தது இரண்டு நாள்.

அக்கா திட்டவில்லை. வீட்டிலிருந்து கோலை எடுத்து வந்தார். பன்னிரண்டடி மூங்கில், நடுவில் கத்தியால் கீறிய அடையாளங்கள். போட்டுப் போட்டு அளந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஆறு குழி போயிருக்கு தம்பி. நீங்களும் ஒருக்கா அளந்து பாருங்க, நான் கூட்டிச் சொல்றேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது."

நான் அளந்தேன். ஆறேகால் இருந்தது.

அன்றைக்கே அந்தக் கோலைக் கேட்டு வாங்கினேன். லாரி டியூப் ஒன்றைக் கட்டிப் போட்டு நடுக் குழிக்குப் போனேன். கோலைச் செங்குத்தாக இறக்கினேன். முழுக் கோலும் உள்ளே போய் என் கையும் தோள் வரைக்கும் தண்ணீருக்குள் போயிற்று. தரை தட்டவில்லை. திரும்பி வந்து இன்னொரு மூங்கிலைக் கோலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். தட்டியது. ஈரம் ஏறிய அடையாளத்தைக் கரையில் போட்டு அளந்தோம். தண்ணீருக்குள் பத்தொன்பது அடி. தண்ணீருக்கு மேலே கரை வரைக்கும் ஆறடி. அக்காதான் கூட்டிச் சொன்னார், இருபத்தைந்து. நிலத்தின் நீள அகலத்தை அளக்கிற கோலால் யாரும் இப்படி ஆழம் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் கோலை வாங்கித் துடைத்து, வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

சரி, குழியை மூடலாம் என்று இறங்கினேன். ஜமாபந்தியில் மனு கொடுத்தேன். பதில் வந்தது. மூன்றடி மட்டுமே எடுக்கப்பட்டிருப்பதால் அந்த நிலத்தில் தாராளமாகச் சாகுபடி செய்யலாம், மூடுவதற்கு உத்தரவு தேவையில்லை, ஏற்கனவே சீரமைக்கப்பட்டுவிட்டது என்று. அந்தப் பதிலுக்குக் கீழே ஆதாரமாக உங்கள் அறிக்கைதான் இருந்தது. சீரமைப்பு எப்போது நடந்தது என்று விசாரித்தேன். ஒரு நாள் காலையில் நான் கும்பகோணம் போயிருந்தபோது கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்து, கரையில் பத்து மரக்கன்று நட்டு, சீரமைக்கப்பட்ட நிலம் என்று ஒரு தகரப் பலகை மாட்டி, போட்டோ எடுத்துப் போயிருக்கிறார்கள். கன்றுகள் எங்கே என்று பார்த்தால் குச்சி மட்டும் இருந்தது. "எங்க ஆடுதான் தின்னுடுச்சு. எனக்கென்ன தெரியும், அது கவர்மெண்ட் செடின்னு?" என்றார் அக்கா. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சிரித்தோம்.

ஏரி வண்டல் எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்கு அனுமதி தருகிறார்கள் என்று போனேன். அடங்கல் கேட்டார்கள். அடங்கலில் என் நிலத்துக்கு நேராகப் பயிர் எதுவும் இல்லை, தண்ணீர் நிற்கிறது என்று இருந்தது. பயிர் இல்லாத இடத்துக்கு வண்டல் கிடையாது. ஒரு அலுவலகத்தில் என் நிலம் வயல், அதனால் மூட வேண்டாம். அடுத்த அலுவலகத்தில் என் நிலம் குட்டை, அதனால் மண் கிடையாது. மீன் விடுங்களேன் என்று ஒரு இளம் அதிகாரி அக்கறையாகச் சொன்னார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் குழியைப் பார்த்ததில்லை. செங்குத்துக் கரையில் வலை போட எவன் இறங்குவான்?

கான்ட்ராக்டரும் மூடித் தர முன்வந்தார். வந்தது என்ன தெரியுமா? டவுன் குப்பை. இரண்டு டிப்பர் கொட்டிவிட்டார்கள். உடைந்த கக்கூஸ் பேசின், தெர்மாகோல், ஊசி, மருந்து பாட்டில். மூன்றாவது டிப்பரின் முன்னால் நான் படுத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீர்தான் மணலுக்குள் ஊறி அக்காவின் வயலுக்குப் போகும். அந்தப் பக்கம் நெல் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

கடைசியில் நானே தென்னை மரம் எட்டை வெட்டி, அக்காவின் பக்கத்துக் கரையில் முளையாக அடித்து, மூங்கில் பின்னி, மண் மூட்டை அடுக்கினேன். ஒரு வருஷம் நின்றது. போன வருஷ மழையில் மரமும் மூட்டையும் சேர்ந்து உள்ளே போயின. சுவர் மாதிரி நிற்கிற மணலை முளையால் பிடிக்க முடியாது. கரையைச் சரிவாக, படிப்படியாக வெட்டி, உள்ளே கல்லும் மண்ணும் கொட்டி ஏற்ற வேண்டும். அது என் டிராக்டரால் ஆகாது. அதற்கு உத்தரவு வேண்டும், தோண்டியவனே செய்து தர வேண்டும் என்ற உத்தரவு. உத்தரவு வர வேண்டுமானால் குழி இருக்க வேண்டும். உங்கள் காகிதத்தில் குழி இல்லை.

இதுவரை பத்தொன்பது குழி போயிருக்கிறது. நூற்றில் பத்தொன்பது. அக்கா இந்த வருஷம் கரையிலிருந்து இரண்டு கோல் தூரத்துக்கு நடவே செய்யவில்லை. நாற்றுக் கட்டை வீணாக்க வேண்டாம் என்றார். நடவுப் பெண்களும் அந்தப் பக்கம் போக மாட்டோம் என்றுவிட்டார்கள். குனிந்து நடும்போது காலடியில் மண் நகர்வது தெரிகிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் வயலில் இறங்கவில்லை. என் வீட்டுக்கு வந்தார். பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"நீங்க போட்ட காகிதம் மாதிரிதான் இருக்கு. படிச்சுச் சொல்லுங்க தம்பி."

அவருக்குப் படிக்கத் தெரியும். வாசகங்களைக் கோயிலில் நின்று வாசிக்கிறவர். என் வாயால் படிக்க வேண்டும் என்றுதான் கொண்டு வந்திருக்கிறார். படித்தேன். அதே கான்ட்ராக்டர். அதே வரிகள். சர்வே நம்பர் மட்டும் அக்காவுடையது. வண்டலைத் தனியே குவிப்பது, பக்கத்து நிலத்திலிருந்து தள்ளித் தோண்டுவது, எல்லாம் இருந்தது. விண்ணப்பத்தின் காரணம் என்ற இடத்தில், மேடாக உள்ள நிலத்தைச் சமன் செய்து பாசன வசதி பெறுவதற்காக என்று இருந்தது.

அக்காவின் வயல் பள்ள வயல். ஊரிலேயே தண்ணீர் தானாக ஏறுகிற வயல்.

"மேடு எங்க இருக்காம்?" என்று கேட்டார்.

நான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.

"மூணடின்னு போட்டுருக்கா?"

"போட்டுருக்குக்கா."

"சரி."

கான்ட்ராக்டர் அவரிடம் சொன்னது இதுதான். எப்படியும் சரிந்து போகிற நிலம், சும்மா போவதற்குக் காசோடு போகட்டும். நான் கோபத்தில் எழுந்து, போடாதீங்கக்கா, அவன் பேச்சைக் கேட்காதீங்க என்றேன். என் மனைவி உள்ளே இருந்து என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்தேன். யார் யாருக்குப் புத்தி சொல்வது?

அக்கா நிதானமாகவே பேசினார். திருப்பூரிலிருந்து மகன் கையெழுத்துப் போட்டுவிடச் சொல்கிறானாம். பங்குச் சாமியார் பொறுத்திருக்கச் சொல்கிறாராம். இவருக்குப் பொறுத்திருந்தால் இன்னும் ஆறு குழி போகும் என்று தெரியும். மழைக்கு முன்னால் கிராம சபை இருக்கிறது. அதில் மூன்றடி என்று எழுதிய அதிகாரி வந்து ஆழத்தை ஒழுங்காகச் சொன்னால், உத்தரவு வரும், கரை கட்டுவார்கள் என்று காத்திருப்பாராம். அந்த அதிகாரி வராவிட்டால், வந்தும் மூன்றடி என்றால், மறுநாள் கையெழுத்தாம். இவ்வளவுதான் சொன்னார். காகிதத்தை மறுபடி மடித்துப் பைபிளுக்குள் வைத்தார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பி, "உங்க இன்ஜினை வித்துட்டீங்களா தம்பி? எனக்குத் தேவைப்படும் போலருக்கு" என்றார். அது அவருடைய பழைய கேலிதான். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

எனவே உங்களைக் கேட்கிறேன். நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. உங்கள் வேலையைப் பறிக்கச் சொல்லி மனுவும் போடவில்லை. என் ஐந்நூறு குழியைத் திருப்பித் தர உங்களால் ஆகாது, என்னாலும் ஆகாது. எண்பத்தோரு குழி மிச்சம் இருக்கிறது, அது என்னுடையது இல்லை. அதற்காகத்தான் கேட்கிறேன்.

வருகிற கிராம சபைக்கு வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம். முதலில் குழிக்குப் போவோம், பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். லாரி டியூபை நான் கட்டி வைக்கிறேன். அக்கா கோலைக் கொண்டு வருவார், இன்னொரு மூங்கில் என்னிடம் இருக்கிறது. நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம். நான் இறங்கி அளக்கிறேன். கரையில் நின்று ஈர அடையாளத்தை உங்கள் கண்ணால் பார்த்தால் போதும், உங்கள் கையால் டேப்பை வைத்தால் போதும்.

அப்புறம் திரும்பி வந்து, மைக்கைப் பிடித்து, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்க ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அந்தக் குழியின் ஆழம் எத்தனை அடி?